குறையறிந்தோர் மேடையேறுக!

மன்றத்து நாடகத்துக்கு ஆள் சேர்க்கும் போதெல்லாம் ஒரு பதில் தவறாமல் வருகிறது. "எனக்கு வேண்டாம் அண்ணே, எனக்கு வராது!" ஏன் வராது என்று கேட்டால் பட்டியல் நீளுகிறது. குரல் கீச்சென்று இருக்கிறதாம். 'ழ' வரவில்லையாம். ஆள் குட்டையாம். நாலு பேர் பார்த்தால் முழங்கால் ஆடுகிறதாம். படிப்புக் குறைவாம், வசனம் மனத்தில் நிற்காதாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பந்தல் போட, நாற்காலி சுமக்க, ஒலிபெருக்கி கட்ட முதல் ஆளாக வந்து நிற்பான் அந்தத் தோழன். மூட்டை தூக்கத் தயங்காத தோள், முகத்தில் அரிதாரம் பூசத் தயங்குகிறது!

இன்னொரு வகையினரும் உண்டு. அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, தேடி வருவார்கள். "ராஜபார்ட் யாருக்கு? நமக்குத்தானே?" என்பார்கள். ஒத்திகைக்கு மட்டும் வரமாட்டார்கள். கேட்டால், "அதெல்லாம் மேடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வரும். மேடையிலே என்ன பார்க்கிறோம்? அவர் கண் படுதாவின் ஓரத்தில் இருக்கிறது. காது, வசனம் எடுத்துக்கொடுப்பவன் வாயருகே இருக்கிறது. எதிரே நிற்கும் நடிகன் பேசி முடிக்கும் முன்பே இவர் பேசத் தொடங்கிவிடுகிறார். கைதட்டல் வந்தால் தம் திறமை. வராவிட்டால் மக்களுக்கு ரசனை போதாது!

முதல் தோழனுக்குத் தன் குறையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரண்டாமவருக்குத் தம் குறையைத் தவிர மற்றதெல்லாம் தெரிகிறது. இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது நம் ஆசை.

நாடகம் என்ன அவ்வளவு பெரிய விஷயமா, நாட்டிலே வேறு பிரச்சினை இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாம் திருப்பிக் கேட்கிறோம்: நாடகம் பார்க்க வருகிறவர் யார்? எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன்னே நின்ற கால்கள் வருகின்றன. நாள் முழுதும் செங்கல் சுமந்த தலைகள் வருகின்றன. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் வருகிறார்கள். விடிந்தால் ஆலைச் சங்கு ஊதும். அதற்குள் எழுந்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் இரவு பதினொரு மணி வரையில் மண்தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் நமக்குத் தருவது நுழைவுக் கட்டணம் மட்டுமா? தம் தூக்கத்தைத் தருகிறார். அதை வாங்கிக்கொண்டு, வசனம் தெரியாமல் விழிப்பது ஏமாற்று வேலையல்லவா? நடிகனின் குறை அவனோடு நிற்பதில்லை. கடைசி வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு அது நட்டமாகிறது.

ஆகவே, குறையைப் பேசுவோம். வெட்கப்படாமல் பேசுவோம்.

வாள் பட்டறைக்காரன் மகன்

கிரேக்க நாட்டு ஏதன்ஸ் நகரம். கி.மு. 384-இல் அங்கே ஒரு குழந்தை பிறந்தது. தகப்பன் வாள் செய்யும் பட்டறைக்குச் சொந்தக்காரன். அடிமைகளை வைத்து வேலை வாங்கியவன். பையனுக்கு ஏழு வயதானபோது தகப்பன் இறந்தான். சொத்துக்குக் காவலாக வந்த உறவினரும் நண்பரும் அதைச் சூறையாடினர். அந்தச் சொத்தை மீட்க நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டிய கட்டாயத்தால்தான் பேச்சுக் கலையின் பக்கம் திரும்பினான் அந்த இளைஞன். பெயர் டெமாஸ்தனிஸ்.

பிற்காலத்தில் மாசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்து முழங்கிய அந்த நாவலன், முதன்முதலில் மக்கள் மன்றத்தில் பேசியபோது என்ன நடந்தது தெரியுமா? சிரித்தார்கள். கூச்சலிட்டார்கள். குரல் மெலிந்தது. உச்சரிப்புத் தெளிவில்லை. மூச்சுப் பற்றவில்லை, ஆகவே வாக்கியம் பாதியில் அறுந்து, கேட்டவர்க்குப் பொருள் விளங்கவில்லை. நானூறு ஆண்டுகள் கழித்து அவன் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் இவற்றையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

மறுமுறையும் தோற்றான். தலையைத் துணியால் மூடிக்கொண்டு வீடு நோக்கி நடந்தான். பின்னாலேயே வந்தார் ஒரு நாடக நடிகர். சாட்டிரஸ் என்று பெயர். அவரிடம் புலம்பினான் டெமாஸ்தனிஸ்: மாலுமிகளும் குடிகாரர்களும் பேசினால் கேட்கிறார்கள், உயிரைக் கொடுத்து உழைக்கும் என்னை ஒதுக்குகிறார்களே! நடிகர் ஆறுதல் கூறவில்லை. "யூரிப்பிடிஸ் அல்லது சோபக்ளிஸ் நாடகத்திலிருந்து ஒரு பகுதியைச் சொல்லிக் காட்டு" என்றார். சொன்னான். அதே பகுதியை நடிகர் திரும்பச் சொன்னார். பாத்திரத்தின் குணத்தோடு, அதற்குரிய தொனியோடு, அசைவோடு சொன்னார். கேட்டவனுக்கு அது வேறு ஏதோ ஒரு நாடகத்தின் பகுதி போலத் தோன்றியதாம்! அந்தக் கணத்தில்தான் தன் குறை எது என்பது அவனுக்குப் புரிந்தது. சரக்கு இருந்தது, சேர்ப்பிக்கும் வகைதான் இல்லை.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. நிலத்தடியில் ஓர் அறை அமைத்தான். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து அதற்குள்ளேயே பயிற்சி. வெளியே போகும் ஆசை வந்துவிடக் கூடாது என்று தலையில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டான். வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசினான். மேட்டில் ஏறி ஓடிக்கொண்டே மூச்சுவிடாமல் அடிகளைச் சொன்னான். பெரிய கண்ணாடி முன் நின்று அசைவுகளைத் திருத்தினான்.

கூழாங்கல்லைப் பொறுக்கி வாயில் போடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை, தோழர்களே! விழுங்கிவிட்டால் மன்றம்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எல்லாரும் கல்லைப் பார்க்கிறார்கள். நாம் அந்த நடிகரைப் பார்க்கச் சொல்கிறோம். தோற்றுப் போனவன் பின்னாலேயே நடந்து வந்து, இதுதான் உன் குறை என்று காட்டிக் கொடுத்த சாட்டிரஸ் இல்லாவிட்டால், கல்லும் இல்லை, மலையும் இல்லை. புகழ் டெமாஸ்தனிசுக்குப் போயிற்று. போகட்டும். நம் ஒவ்வொரு குழுவிலும் ஒரு சாட்டிரஸ் இருக்கிறாரா என்பதே கேள்வி.

உள்ளே இடி, வெளியே ஈ

நடிகனுக்குத் தன் குறை தானாகவே தெரிந்துவிடாதா? தெரியாது. இதற்கு மாஸ்கோவிலிருந்து சான்று தருகிறோம்.

1863-இல் பிறந்தவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. சரிகை நூல் ஆலை நடத்திய செல்வர் வீட்டுப் பிள்ளை. 1877-இல், 14 வயதில், குடும்பத்தார் நடத்திய நாடகத்தில் வேடம் கட்டினார். அன்று மேடையில் அவர் உள்ளம் பொங்கியது. சொற்கள் அருவியாகக் கொட்டின. தமக்கு நிகரில்லை என்றே நினைத்துக்கொண்டார். திரை விழுந்ததும் பாராட்டை எதிர்பார்த்து நின்றார். கிடைத்த தீர்ப்பு என்ன? பேசியது ஒன்றும் புரியவில்லை, குரல் எழும்பவில்லை, வேகம் தாங்கவில்லை, கைகள் பறந்த வேகத்தில் எதையும் பார்க்க முடியவில்லை! உள்ளே இடி இடித்தது. வெளியே ஈ பறந்த சத்தம்தான் கேட்டது.

அந்தப் பையன் என்ன செய்தான்? கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒரு குறிப்பேடு வைத்தான். நடித்த வேடம், நேர்ந்த பிழை, பிறர் சொன்ன குறை எல்லாவற்றையும் எழுதினான். அன்று தொடங்கிய வழக்கம் பல்லாண்டு நீடித்தது. 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தோழர் நெமிரோவிச் தான்செங்கோவுடன் சேர்ந்து நிறுவி, உலகத்து நடிப்புக் கலைக்கே இலக்கணம் வகுத்தவர் அவர். மளிகைக்கடைக்காரர் கடன் கணக்கு எழுதுவது போலக் குறைக்கணக்கு எழுதி வந்தவர்!

டெமாஸ்தனிசுக்குக் கண்ணாடி உதவியது. ஸ்டானிஸ்லாவ்ஸ்கியும் இளமையில் கண்ணாடி முன் நின்று வேடம் பழகியவரே. பின்னால் நடிப்பு மாணவர்க்கு எழுதும்போது, கண்ணாடியைப் பற்றி எச்சரிக்கை செய்தார். அது நடிகனைத் தன் உள்ளத்தை விட்டு வெளித்தோற்றத்தையே கவனிக்கப் பழக்கிவிடும் என்றார். இரண்டில் எதை ஏற்பது? நாம் சொல்கிறோம்: தோள் கோணுகிறதா, கை அலைகிறதா என்று பார்க்கக் கண்ணாடி போதும், பேச்சு உண்மையாக ஒலிக்கிறதா என்று அறிய மற்றொரு மனிதரின் கண்ணும் காதும் வேண்டும். இன்று எல்லார் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒத்திகையைப் பதிவு செய்து கேளுங்கள். முதல்முறை கேட்கும்போது, இதுவா என் குரல் என்று முகம் சுளிக்கத் தோன்றும். மூன்றாம் முறை எங்கே சொல் விழுங்கப்படுகிறது என்பது தெரியும். அதற்குப் பிறகும் ஒரு தோழனை அருகே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மகரக்கட்டு

வெளிநாட்டுக் கதை போதும். நம் மண்ணுக்கு வருவோம்.

பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இன்னும் பல கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றின. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே சேர்க்கப்பட்டனர். பாட்டு, வசனம், அடவு எல்லாம் வாத்தியாரின் பிரம்புக்கு முன்னே பயின்றவை. ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராத அந்த நாளில், எட்டுக்கட்டைச் சுருதியில் பாடினால்தான் கடைசி வரிசைக்கு எட்டும். குரல் உள்ள பையனுக்கு மதிப்பு, கொட்டகை நிறையும், கம்பெனி முதலாளி சிரிப்பார்.

பதின்மூன்று, பதினான்கு வயது வரும். ஒரு நாள் பாட வாய் திறந்தால் குரல் உடையும். இதற்கு நாடகக்காரர் வைத்த பெயர் மகரக்கட்டு. இயற்கையாக எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுதான். மற்ற வீட்டில் பையன் பெரியவனாகிவிட்டான் என்று மகிழ்வார்கள். கம்பெனி வீட்டிலோ அதுவே பிழைப்புக்கு வந்த ஆபத்து! நேற்றுவரை முதல் வேடம். இன்று கூட்டத்தோடு நிற்கும் சேவகன். நாளை ஊருக்குப் பயணம். தன் குற்றம் எதுவுமின்றித் தலையில் விழுந்த குறை அது. அப்படித் திருப்பியனுப்பப்பட்டு, வேறு தொழில் தெரியாமல் வாடிய சிறுவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுந்து நின்ற ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். புதுக்கோட்டை சின்னப்பா. 1916-இல் பிறந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடிப் பெயர் வாங்கிய பிள்ளை. குரல் உடைந்தது, கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார். திரும்பியவர் சும்மா உட்காரவில்லை. முறையாகச் சங்கீதம் பயின்றார். உடலை உரமாக்கினார். சிலம்பம் கற்றார். பழைய குரல் திரும்பி வரட்டும் என்று காத்திருக்காமல், வந்த புதிய குரலைப் பழக்கினார். மீண்டும் மேடையேறினார்; 1936-இல் திரைக்கும் வந்தார். 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம். 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்'; அதில் ஒரே காட்சியில் ஐந்து உருவில் தோன்றிப் பாடியும் வாத்தியம் வாசித்தும் மக்களை வியக்கவைத்தார். 1951-இல் இளமையிலேயே மறைந்தார் என்பது நம் துயரம். போன குரலுக்காக ஒப்பாரி வைத்திருந்தால் அந்தப் பெயரை இன்று யார் சொல்வார்?

குறையா, குறை என்று சொல்லப்பட்டதா?

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறை என்று நம்மேல் ஒட்டப்படும் சீட்டுகள் எல்லாம் குறைகள் அல்ல.

கறுப்பாக இருப்பது குறையா? இல்லை. நெல்லைப் பேச்சும், கோவைப் பேச்சும், வடசென்னைப் பேச்சும் நாக்கில் இருப்பது குறையா? இல்லை. உழவன் வேடத்துக்கும் ஆலைத்தொழிலாளி வேடத்துக்கும் அதைவிட நல்ல மொழி எங்கே கிடைக்கும்? அரசன் வேடத்துக்கு வேறு பேச்சு வேண்டுமானால், அதையும் கூடுதலாகக் கற்றுக்கொள்வோம். பிறந்த பேச்சை அழித்துவிட்டு அன்று! பெண் தோழர் மேடையேறத் தயங்குகிறாரே, அது அவர் குறையா? தெருவில் உட்கார்ந்து வம்பளக்கும் நாக்குகளின் குறை அது. திருத்தப்பட வேண்டியவை அந்த நாக்குகள். ஒத்திகை முடிந்து அவரைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பது குழுவின் கடமை.

பாட்டுக் குரலே நடிகனின் மூலதனம் என்றிருந்த காலத்திலே வந்தவர் எம்.ஆர். ராதா. தேன் சொட்டும் குரல் அன்று அது. கரகரக்கும், திடீரென்று கீழே இறங்கும், மறுகணம் உச்சிக்கு ஏறும். அந்தக் குரலாலேயே 'இரத்தக்கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராக நடத்தினார். 1954-இல் படமாகவும் வந்தது. இன்றும் அந்தக் குரலை வேடிக்கைக்காகவேனும் பேசிப் பார்க்காத இளைஞன் உண்டா? குறை என்று நினைக்கத்தக்கதையே அடையாளமாக மாற்றிக்கொண்டார் அவர்.

நீக்கவே முடியாத குறைகளும் உண்டு. பிரெஞ்சு நாட்டு நடிகை சாரா பெர்ன்ஹார்ட், 1915-இல் தம் 70-ஆவது வயதில் வலது காலை அறுவையில் இழந்தார். அதன் பின்னும் நடித்தார். நாற்காலியில் வைத்துச் சுமந்து சென்றார்கள். போர்முனைப் படைவீரர்களுக்காகவும் நடித்துக் காட்டினார். உட்கார்ந்தபடியே நடிக்கத்தக்க வேடங்களைத் தேர்ந்துகொண்டார். நடக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டார். நடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

திக்குவாய் உள்ள தோழரைக் கேலி செய்யும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது சோம்பலாலோ அறிவுக் குறைவாலோ வருவதன்று. பேச்சுப் பயிற்சி தரும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அழைத்துச் செல்வோம். பேசி முடிக்கும் வரையில் பொறுத்திருந்து கேட்போம். அவர் வாக்கியத்தை நாம் முந்திக்கொண்டு முடித்துவைப்பது உதவி ஆகாது.

பயம் யாரை விட்டது?

"எல்லாம் சரி, பயத்துக்கு என்ன மருந்து?" என்கிறீர்களா?

ஆங்கில மேடையின் முடிசூடா மன்னர் என்று போற்றப்பட்டவர் லாரன்ஸ் ஒலிவியர். 1907-இல் பிறந்தவர். 1964-இல் ஒதெல்லோ வேடத்திற்காகப் பல மாதங்கள் பயின்று தம் குரலையே வெகுவாகக் கீழிறக்கிக்கொண்டவர். அவ்வளவு பெரிய நடிகரை, அதே காலத்தில், ஐம்பத்தேழு வயதில், மேடைப் பயம் பிடித்துக்கொண்டது. தொண்டை இறுகியது, வசனம் மறந்துவிடுமோ என்று நடுங்கினார், ஓடிவிடலாமா என்று எண்ணினார். சில ஆண்டுகள் இந்தத் துன்பம் தொடர்ந்தது. தனித்து நின்று பேசும் இடங்களில், சக நடிகர் ஒருவரைப் படுதா ஓரத்தில் தம் கண்ணில் படும்படி நின்றுகொண்டிருக்கச் சொன்னார். அவர் அங்கே நிற்கிறார் என்ற துணிவில் இவர் பேசினார். பின்னாளில் இதைத் தாமே எழுதினார்.

நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கே அந்தக் கதி என்றால், வாரம் ஆறு நாள் தறி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேடம் கட்டும் தம்பிக்கு முழங்கால் ஆடுவதில் என்ன வியப்பு? பயம் வரட்டும். வசனம் இரத்தத்தில் ஊறியிருந்தால், பயம் வந்த பிறகும் வாய் தன் வேலையைச் செய்யும். ஓரத்தில் ஒரு தோழன் நின்றால் போதும்.

ஓரத்தில் நின்ற ஒருவரை நம் நாட்டிலும் காட்டலாம். மேடையில் வளர்ந்த கணேசன் 1952-இல் 'பராசக்தி' படத்தில் நடிக்க வந்தபோது, மெலிந்த உடம்பு, இவன் தேறுவானா என்ற ஐயம் தயாரிப்புத் தரப்பிலே எழுந்தது. ஆளை மாற்றிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. பங்குதாரரான பெருமாள் அசையவில்லை. இந்தப் பிள்ளைதான் நடிப்பான் என்று நின்றார். உடம்பு தேறிய பின் முன்பு எடுத்த காட்சிகள் மீண்டும் எடுக்கப்பட்டன. எட்டே ஆண்டில், 1960-இல், கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்று பரிசு பெற்றார் சிவாஜி கணேசன். உடல் மெலிவு நாலு மாதத்துச் சோற்றால் தீர்ந்தது. அந்த நாலு மாதம் கைவிடாமல் காத்த ஒருவர் வேண்டியிருந்தது.

கைதட்டல் என்னும் நோய்

இதுவரை முதல் தோழனுக்குச் சொன்னோம். இனி, ராஜபார்ட் கேட்கும் அண்ணனுக்கு.

மீண்டும் மாஸ்கோக்காரரிடமே போவோம். 1901 மார்ச். பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் கசான் தேவாலயச் சதுக்கத்தில் மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். ஜார் ஆட்சியின் காவல் படை அவர்களை அடித்து நொறுக்கியது. அன்று இரவே அந்நகரில் மாஸ்கோ கலை அரங்கத்தின் நாடகம். இப்சன் எழுதிய 'மக்களின் பகைவன்'. ஊரே எதிர்த்தாலும் உண்மையைச் சொல்லியே தீருவேன் என்னும் டாக்டர் ஸ்டாக்மன் வேடத்தில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. கிழிந்துபோன சட்டையைப் பார்த்து டாக்டர் பேசும் ஒரு வேடிக்கைப் பேச்சு வந்தது. கேட்டதும் கொட்டகை அதிர்ந்தது! சதுக்கத்தில் கிழிக்கப்பட்ட சட்டைகள் மக்கள் கண்முன் நின்றன. நாடகம் நின்றுபோயிற்று. முன்னே ஓடி வந்து நடிகரின் கையைப் பற்றினார்கள். இளைஞர்கள் மேடைமேல் தாவி ஏறி அவரைத் தழுவிக்கொண்டார்கள். நடிகன் ஒருவனுக்கு இதைவிட வேறென்ன பேறு வேண்டும்?

ஐந்தே ஆண்டுகள். 1906 கோடைக்காலம். ஓய்வுக்காகப் பின்லாந்தில் இருந்தபோது அதே ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம்மையே விசாரித்துக்கொண்டார். ஸ்டாக்மன் வேடத்தை இப்போது எப்படி நடிக்கிறேன்? கைகளும் கால்களும் பழக்கத்தால் அசைகின்றன, முகம் வழக்கமான இடத்தில் வழக்கமான பாவத்தைக் காட்டுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. உயிர் போய், ஓடு நிற்கிறது. மக்கள் அப்போதும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்! குறை அவர்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. புகழின் உச்சியில் இருந்த மனிதர், நடிப்பின் அரிச்சுவடியை மறுபடி தொடங்கினார். உலகம் இன்று பயிலும் அவருடைய பயிற்சி முறை அந்தக் கோடைக்காலத்து விசாரணையிலிருந்து பிறந்தது.

அதோடு நின்றாரா? 1915-இல் புஷ்கினின் நாடகத்தில் சலியேரி வேடம் ஏற்றார். கவிதை வசனத்தைச் செம்மையாகச் சொல்லத் தமக்கு வரவில்லை என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டார். வயது 52. பேச்சையும் ஒலியையும் மீண்டும் கற்கத் தொடங்கினார். இன்று தலைவன் வேடம் போட்டவர் நாளை கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும் என்பது அவர் அரங்கத்தின் கொள்கையாக இருந்தது. நம் அண்ணன்மார் காதில் இது விழட்டும்.

கூச்சம் உள்ளவனைத் தட்டிக்கொடுத்துத் திருத்திவிடலாம். கைதட்டலில் மயங்கியவனைத் திருத்துவது கடினம். ஏனெனில் அவனிடம் யாரும் குறை சொல்லத் துணிவதில்லை. சொன்னவன் பொறாமைக்காரன் ஆகிவிடுகிறான்.

நாளை மாலை முதல்

ஆகவே தோழர்களே, குழுக்கள் நாளை மாலையே தொடங்கத்தக்க சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒத்திகை ஆறு மணி என்றால் ஆறு மணி. இருபது பேரை அரை மணி காக்கவைத்தால் பத்து மணி நேரம் களவு போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வசனம் எடுத்துக்கொடுப்பவர் பத்தாம் ஒத்திகைக்குப் பிறகு எழுந்து போகட்டும். உங்கள் வசனத்தோடு எதிராளியின் வசனத்தையும் படியுங்கள். கேட்கத் தெரிந்தவனுக்கே பதில் சொல்லத் தெரியும்.

காலையில் வேலைக்குப் புறப்படுமுன் கால் மணி நேரம் நாக்குக்கு ஒதுக்குங்கள். லகர, ளகர, ழகரம், ரகர, றகரம், நகர, ணகர, னகரம். நாளேட்டின் ஒரு பத்தியை ஒரு சொல்லும் விழுங்காமல் உரக்கப் படியுங்கள். வாக்கியம் முடியும் வரை மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். ஆனால் கத்தாதீர்கள். இயந்திர இரைச்சலுக்கு மேலே நாள் முழுதும் கத்திய தொண்டை ஏற்கெனவே புண்பட்டிருக்கும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், பனங்கற்கண்டை நம்பிக்கொண்டிராமல் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

துணிச்சலுக்காக ஒரு 'மடக்கு' என்று சொல்லிக்கொண்டு மேடையேறும் பழக்கம் எங்கேனும் இருந்தால், அந்த ஆளுக்கு அன்று வேடம் கிடையாது. எவ்வளவு பெரிய நடிகனாக இருந்தாலும் கிடையாது.

ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் அனைவரும் வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவர்க்கும் ஒரு குறை மட்டும் சொல்லப்படட்டும். ஒன்பது குறையை ஒரே நாளில் கொட்டினால் அவன் ஓடிவிடுவான். ராஜபார்ட்டுக்கும் சொல்லுங்கள், சேவகனுக்கும் சொல்லுங்கள். வட்டத்தில் சொன்னது டீக்கடைக்குப் போகக் கூடாது. முகத்துக்கு எதிரே சொல்வது தோழமை. முதுகுக்குப் பின்னே சொல்வது கோள். குறிப்பேடு ஒன்றில் அதை எழுதி, அடுத்த வாரம் எடுத்துப் பாருங்கள். தீர்ந்த குறையைக் கோடு போட்டு அடியுங்கள். அந்தக் கோடு தரும் மகிழ்ச்சியைப் பட்டுச் சால்வை தராது.

குறையே இல்லாத நடிகன் இனிப் பிறந்து வரப்போவதில்லை. இருக்கிற நாம்தான் நடிக்க வேண்டும். "எனக்கு வராது" என்று பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்பி, கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு வா. உனக்கென்று ஒரு சின்ன வேடம் வைத்திருக்கிறோம். இரண்டே வரி வசனம். அந்த இரண்டு வரியும் கடைசி வரிசைக் கிழவர் காதில் தெளிவாக விழ வேண்டும். அவர் விடியற்காலையில் எழ வேண்டியவர், மறந்துவிடாதே!